சுங்கை பினாங்கு படுகையில் வெள்ளச் சேதக் குறைப்புத் திட்டம்: செய்து பார்த்த முறை

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தாழ்வான பகுதி ஒன்றுக்கு வெள்ளத் திட்டம் போடுகிறோம் என்றதும் எல்லாரும் கேட்பது, "லோங்காங்கை எத்தனை அடி அகலமாக்கப் போறீங்க?" என்பதைத்தான். லோங்காங் என்றால் தெருவோர வடிகால். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. கடல் மட்டம் எவ்வளவு ஏறும், வீட்டுத் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் அளக்காமல் போட்ட திட்டம், எவ்வளவு சிமெண்டு கொட்டினாலும் வீட்டுக்குள் தண்ணீர் வருவதைத் தடுக்காது.

சுங்கை பினாங்கு ஆற்றின் படுகை சுமார் 50 சதுர கிலோமீட்டர். ஆயர் ஈத்தாம், டொண்டாங், ஆயர் தெர்ஜுன், ஜெலுத்தோங் ஆகியவை அதன் கிளை ஆறுகள். தண்ணீர்மலைப் பக்கமும் கொடிமலைச் சரிவிலும் விழும் மழை சில கிலோமீட்டர் தூரத்திலேயே சமவெளிக்கு இறங்கிவிடும். ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்ந்த இடங்களில் அது கடலின் ஏற்றத்தைச் சந்திக்கும். மேலே வேகம், கீழே தேக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வேலை, எந்த வடிகால் யாருடையது என்று வரைபடத்தில் நிறம் பிரித்துப் போடுவது. ஆறு என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ், தெருவோர லோங்காங் என்றால் மாநகர் மன்றம், மாநில நெடுஞ்சாலை ஓரம் என்றால் பொதுப்பணித் துறை. இதைச் செய்யாமல் மனு கொடுத்தால் கோப்பு மேசைக்கு மேசை நகரும், வேலை நகராது.

அடுத்தது மட்டம். திட்டங்கள் அதிகமாகக் கோட்டைவிடுவது இங்கேதான். கடல் ஏற்ற அட்டவணையில் இருக்கும் எண்கள் கடல்வரைபட மட்டத்திலிருந்து, அதாவது கடல் மிகத் தாழும்போது இருக்கும் மட்டத்தை ஒட்டி, எடுத்தவை. நிலஅளவையாளர் தரும் எண்களோ சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய நில மட்டத்திலிருந்து எடுத்தவை. இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. அப்படியே கலந்துவிட்டால், காய்ந்து கிடக்க வேண்டிய தெரு கணக்கில் கடலுக்குள் இருக்கும். அதனால் எல்லா எண்களையும் நில மட்டத்துக்கு மாற்றி, வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் எந்த மட்டம் என்று எழுதிவிட வேண்டும். லோங்காங் அடிமட்டத்தைப் பழைய வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். நேரில் அளந்தால் சில இடங்களில் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட உயரமாக இருக்கும். குறுக்கே போகும் குடிநீர்க் குழாயையும் கேபிளையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். குப்பை பிடிப்பது அங்கேதான்.

மண்படிவையும் தடியை விட்டு அளக்க வேண்டும். 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள சிமெண்டு லோங்காங்கில் 30 செ.மீ. மண் தங்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 30% குறையும். கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணிக்கும் மேனிங் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஓடும் தண்ணீர் சுமார் 37% குறைந்திருக்கும். மண்ணின் சொரசொரப்பைச் சேர்த்தால் இன்னும் குறையும். பல தெருக்களில் அகலப்படுத்தக் கேட்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு மண் எடுக்கவே போதும்.

வீட்டுக் கணக்கெடுப்பில் "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் "முட்டி வரைக்கும்" என்பார்கள். யாருடைய முட்டி, ரோட்டில் நின்றா, கூடத்தில் நின்றா என்பது தெரியாது. அதற்குப் பதில் "எந்தப் படி முழுகிச்சு? பிளக் பாயிண்ட் நனைஞ்சுச்சா? பிரிட்ஜ் மோட்டாருக்கு வந்துச்சா?" என்று கேளுங்கள். மெத்தையைத் தூக்கி மேசைமேல் வைத்த பாட்டிக்கு அந்த மேசையின் கால் எதுவரை நனைந்தது என்பது மறக்காது. சுவரில் கறைக்கோடு இருந்தால் அதன் மட்டத்தைக் கருவி வைத்து எடுத்து, எந்தத் தேதி வெள்ளம் என்று எழுதுங்கள். ஒரே வீட்டில் இரண்டு வெள்ளத்தின் கோடுகள் இருக்கும், கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல்படி மட்டம், தரை மட்டம், மிகத் தாழ்ந்த பிளக் பாயிண்ட், மோட்டார்சைக்கிள் நிற்கும் இடம் ஆகிய நான்கும் வேண்டும்.

மழைக்கு, மலேசியாவின் நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடான எம்எஸ்எம்ஏவின் 2012 பதிப்பில் உள்ள பினாங்கு நிலையங்களின் மழைச்செறிவு மாறிலிகளை எடுத்துக்கொள்ளலாம். 80 ஹெக்டருக்கு உட்பட்ட சிறு பரப்புக்கு Q = CiA/360 போதும். Q வினாடிக்கு ஓடும் கனமீட்டர், C ஓட்டக் குணகம் (மழையில் ஓடி வரும் பங்கு), i மணிக்கு மி.மீ.யில் மழைச்செறிவு, A ஹெக்டரில் பரப்பு. அதற்கு மேல் கணினி மாதிரி வேண்டும். ஒரே ஒரு மழைநேரத்தை வைத்து முடிக்காமல் 15 நிமிடத்திலிருந்து சில மணிநேரம் வரை பல கால அளவுகளை ஓட்டி, மோசமானதை எடுங்கள். தெரு வடிகாலுக்கு மோசமான மழையும் ஆற்றுக்கு மோசமான மழையும் ஒன்றாக இருக்காது.

கடலையும் மழையையும் எப்படிச் சேர்ப்பது? 100 ஆண்டு மழையும் (சராசரியாக 100 ஆண்டுக்கு ஒரு முறை வருவது) 100 ஆண்டுக் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வருவதாகப் போட்டால் செலவு எகிறி, திட்டம் நிராகரிக்கப்படும். தாழ்ந்த கடல் என்று போட்டால் வெள்ளமே காணாமல் போகும். நாங்கள் செய்வது: திட்டம் தாங்க வேண்டிய வடிவமைப்பு மழையோடு அமாவாசை, பௌர்ணமி உயர் ஏற்றத்தின் சராசரி ஒரு முறை, சிறு மழையோடு மிக உயர்ந்த ஏற்றம் ஒரு முறை. இரண்டில் எதில் தண்ணீர் மட்டம் உயர்கிறதோ அதை எடுப்போம். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனக்கும் காலம். தீபாவளியை ஒட்டிய அமாவாசையும் அதற்குள்தான் வருகிறது. 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய பெருவெள்ளத்தின்போது பௌர்ணமி. ஆகவே உயர் ஏற்றத்தோடு மழை சேர்வதை அபூர்வம் என்று தள்ள முடியாது.

இனி சேதக் கணக்கு. ஒரு மாதிரிக்கு, ஒரு தாமானில் (குடியிருப்பில்) 2 ஆண்டு வெள்ளத்தில் சேதம் இல்லை, 5 ஆண்டு வெள்ளத்தில் 2 லட்சம் ரிங்கிட், 20 ஆண்டு வெள்ளத்தில் 8 லட்சம், 100 ஆண்டு வெள்ளத்தில் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு வெள்ளங்களின் சராசரிச் சேதத்தை அவற்றின் ஆண்டு நிகழ்தகவு வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டினால் 30,000 + 75,000 + 56,000, அதற்கும் மேற்பட்ட வெள்ளங்களுக்கு 20,000. ஆக ஆண்டுக்கு 1,81,000 ரிங்கிட். இதில் 1,05,000 ரிங்கிட் 20 ஆண்டுக்கு உட்பட்ட வெள்ளங்களிலிருந்து வருகிறது. செய்தியில் வரும் பெருவெள்ளத்தைவிட, யாரும் படம் எடுக்காத கணுக்கால் தண்ணீர்தான் இந்தக் குடும்பங்களின் காசை அதிகம் கரைக்கிறது. அதைத் தடுக்கச் செலவும் குறைவு. எங்கள் பட்டியலில் முதலிடம் அதற்கே.

கடலுக்கு அருகே, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு வைத்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வராது. ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? 10 ஹெக்டர், ஓட்டக் குணகம் 0.8, ஒரு மணிநேரத்தில் 60 மி.மீ. மழை என்றால் 4,800 கனமீட்டர் தண்ணீர். வினாடிக்கு 1 கனமீட்டர் பம்பு அந்த மணிநேரத்தில் 3,600 இறைக்கும். மீதி 1,200 கனமீட்டருக்குக் குளமோ தொட்டியோ வேண்டும். பம்பு இல்லாமல் ஆற்றோரம் சுவர் மட்டும் கட்டினால், தண்ணீர் சுவருக்கு உள்ளே தேங்கி வீடுகளை நனைக்கும்.

பம்பு நின்றுபோகும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: சல்லடையில் தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக்கும், மின்தடை, வெள்ளத்தில் முழுகிய கட்டுப்பாட்டுப் பெட்டி. பெட்டியை 100 ஆண்டு வெள்ளமட்டத்துக்கு மேலே ஏற்றி, டீசல் பம்பும் வைக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கதவுக்கு ஒரு கட்டை குறுக்கே சிக்கினாலே போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

தேக்கக் குளத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் போன்ற மேல்பகுதியில் வைத்தால் வெள்ளத்தின் உச்சம் தணியும். கடலோரத்தில் வைத்தால், தாமதமாக வெளியேறும் தண்ணீர் மேலிருந்து வரும் உச்சத்தோடு சேர்ந்து நிலைமையைக் கெடுக்கலாம். மலையில் 76 மீட்டருக்கு மேலும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்குக் கீழே வெட்டும் மண்ணும் லோங்காங்குக்குத்தான் வருகிறது. அதனால் மண்வடிகட்டிக் குளத்தைக் கட்டுமான அனுமதியின் நிபந்தனையாகவே கேட்க வேண்டும்.

சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சீவாமல் மேலேயே போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போகிறது. "சீவிய பிறகே புதிய தார்" என்ற ஒரே வரியைத் திட்டத்தில் சேர்க்கச் செலவில்லை. பிளக் பாயிண்டை மேலேற்றுவது, கதவுக்குத் தடுப்புப்பலகை வைப்பது, கழிவுக்குழாயில் எதிர்த்தடுப்பு வால்வு போடுவது ஆகியவற்றைக் குடும்பங்களே செய்யலாம். வால்வு இல்லாவிட்டால் வாசலை அடைத்தும் கழிவறை வழியாகத் தண்ணீர் பொங்கும்.

சமர்ப்பிக்கும்போது வரைபடத்தோடு பராமரிப்புப் பக்கத்தையும் இணையுங்கள்: கதவைத் திறந்து பார்ப்பவர் யார், மண் எடுக்கும் மாதம் எது, டீசல் நிரப்புபவர் யார், கையெழுத்துப் போடும் அதிகாரி யார். நிலம் எடுக்க வேண்டியிருந்தால் 1960ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி நடைமுறை நீளும். அந்தப் பகுதியைத் தனிக் கட்டமாகப் பிரித்து வைத்தால், மண் எடுப்பதும் கதவு மாற்றுவதும் அதற்காகக் காத்திருக்காமல் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும்.