மயக்க டாக்டர் வந்துட்டாரா?

டெல்டாப் பக்கம் எந்த அரசு மருத்துவமனையிலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “மயக்க டாக்டர் வந்துட்டாரா?” என்பதுதான். கத்தி வைக்கப்போகிற டாக்டரைவிட இவரைத் தேடுகிறவர்கள் அதிகம். துறைக்கே மயக்கவியல் என்றுதான் பெயர். அதில் நான் டெக்னீஷியன். சிலிண்டர் பார்ப்பது, டியூப் எடுத்து வைப்பது, மானிட்டர் மாட்டுவது, பயந்து கிடப்பவர்களோடு பேச்சுக் கொடுப்பது என் வேலை. கடைசியில் சொன்னதுதான் பாதி வேலை.

முதல்நாள் வார்டில் “மயக்கம் வருமா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். வெறும் வயிற்றோடு நடவு வயலில் குனிந்து நிமிர்ந்தபோது கண் இருட்டியதும் மயக்கம், படுத்துத் திரும்பினால் வீடே சுற்றுவதும் மயக்கம், பயிருக்கு மருந்தடித்துவிட்டு வரப்பில் சுருண்டு விழுந்ததும் மயக்கம். எங்களுக்கு மூன்றும் வேறு வேறு. ஒன்று ரத்தசோகையாக இருக்கலாம், ஒன்று காதுக்குள் இருக்கிற கோளாறாக இருக்கலாம். நினைவே தப்பியிருந்தால் இதயத்தையும் பார்க்காமல் மேசையில் ஏற்ற முடியாது. அதனால் “கிறுகிறுன்னு சுத்துச்சா, கண்ணை இருட்டுச்சா, நெனவே இல்லாமப் போச்சா?” என்று பிரித்துப் பிரித்துத்தான் கேட்பேன்.

மயங்குதல் என்றாலே கலத்தல்தானே. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. ஐம்பூதமும் ‘கலந்த மயக்கம் உலகம்’ என்றும் அதே நூல் சொல்கிறது. பகலும் இரவும் கலக்கிற பொழுதைத்தான் மாலை மயங்கும் நேரம் என்கிறோம். “எம்புள்ளைய என்னத்தப் போட்டு மயக்குனாளோ” என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாமியார் புலம்புகிற மயக்கத்துக்கு மட்டும் எங்களிடம் வைத்தியம் கிடையாது. அந்தம்மாதான் பத்து நிமிஷத்துக்கொரு தடவை கதவைத் தள்ளி, “மருமவளுக்கு மயக்கம் தெளிஞ்சிருச்சா தம்பி?” என்று கேட்பார்.

அந்த மருமகளுக்கு நாங்கள் மயக்கமே கொடுத்திருக்க மாட்டோம். சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் போடுகிற ஊசிதான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நினைவு தப்பாது. ஆனால் அதற்கும் ஊரில் மயக்க ஊசி என்றே பெயர். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்ட பெண், படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் அலறுவாள்: “எனக்கு மயக்கம் வரலீங்க! எல்லாம் கேக்குது! கத்தி வச்சிராதீங்க!” டாக்டர் ஸ்பிரிட் பஞ்சைத் தோளில் வைப்பார். “ஜில்லுன்னு இருக்கா?” “இருக்கு.” அதே பஞ்சு வயிற்றுக்குப் போகும். “இங்க?” “எங்க?” என்று அவள் திருப்பிக் கேட்டால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் வார்டிலேயே “மரத்துப்போற ஊசிம்மா, முழிச்சுக்கிட்டேதான் இருப்ப, புள்ள அழுவுறத நீயே கேக்கலாம்” என்று சொல்லிவிடுகிறேன். அலறல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

தஞ்சை சரசுவதி மகாலில், சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் கண் படங்களோடு இருக்கின்றன. மன்னர் இறந்தது 1832இல். பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஊரறிய அறுவை செய்து காட்டியது 1846 அக்டோபர் 16. அந்தப் படங்களில் இருக்கிற கண்களுக்கு மயக்க மருந்து என்ற ஒன்றே தெரியாது. எங்கள் தியேட்டரில் யாராவது ஊசிக்கே முரண்டு பிடித்தால் எனக்கு அந்தக் கண்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

பட்டினி போடுவது தனிக் கூத்து. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பரவாயில்லை. முழு மயக்கத்தில் தொண்டை தன் காவலை விட்டுவிடும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நடவு முடியட்டும், களை எடுக்கட்டும் என்று குடலிறக்கத்தைத் தள்ளிப்போட்டே வந்த ஒரு பெரியவர், விடியற்காலை ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு வந்து படுத்தார். “தண்ணிதானே தம்பி குடிக்கலாம்னீங்க?” சோற்றுப் பருக்கை மிதக்கிற தண்ணியும் அவர் கணக்கில் தண்ணிதான். முதுகு ஊசி போதாமல் முழு மயக்கத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது? அவர் முறை மத்தியானத்துக்குப் போனது. இப்போது “நீராகாரம், கஞ்சி, காபித்தண்ணி எதுவும் கூடாது” என்று பெயர் பெயராகச் சொல்கிறேன்.

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பது இன்னொரு கட்டம். “எப்பவாச்சும்” என்பார் அவர். பின்னால் நிற்கிற மனைவி விடமாட்டார். ஒருவர் மனைவி சொன்னது: “இவருக்கு எதுக்குங்க மயக்க ஊசி, பொழுதன்னிக்கும் மயக்கத்துலதானே கெடக்குறாரு!” வார்டே சிரித்தது. மயக்க டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று அந்தம்மாவிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். நாள்பட்ட குடிகாரர்களுக்கு வழக்கமான அளவு மருந்தில் மயக்கம் பிடிப்பது சிரமம்.