கிளிகா ஹெட் கிரைசன்: கரை எங்கே முடிகிறது?

நடுவில் குவார்ட்ஸ் நரம்பு, இருபுறமும் சேலைக் கரை போலச் சாம்பல் பட்டை, அதற்கப்பால் வெளிறிய கிரானைட். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பெரன்போர்த் அருகே உள்ள கிளிகா ஹெட் கல்லின் அமைப்பு இது. அந்தப் பட்டைதான் கிரைசன். நரம்பு வழியே ஏறிய சூடான அமில நீர், கிரானைட்டின் முக்கியக் கனிமமான ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு போக, வெள்ளை அபிரகமும் குவார்ட்ஸும் மிஞ்சின. மூலக்கூறு கணக்கில், பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மூன்று பங்கு அழிந்தால் மஸ்கோவைட் (அந்த வெள்ளை அபிரகம்) ஒரு பங்கும் குவார்ட்ஸ் ஆறு பங்கும் உருவாகும்.

அது பாதுகாக்கப்பட்ட பாறை. சுத்தியல் கூடாது; உரிய அனுமதியுடன், உதிர்ந்து கிடக்கும் துண்டு போதும்.

இந்த மாற்றம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, துண்டைப் பலகையாக வெட்டித் தேய்க்கிறோம். வெட்டு நரம்புக்குச் செங்குத்தாக விழ வேண்டும். 45 டிகிரி சாய்ந்தால் 10 மி.மீ. பட்டை 14 மி.மீ. ஆகத் தெரியும். பலகை 8 மி.மீ. தடிமன். தண்ணீர் இல்லாமல் வெட்டவே கூடாது, சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

முதல் பலகை கிரானைட் பக்கம் பொடிந்துவிட்டது. காரணம் அங்கிருந்த ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகியிருந்ததுதான். இரண்டாவதை 60 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க உலர்த்தி, நீர்த்த எபாக்சி பிசின் ஊட்டிய பிறகு நின்றது. கனிமம் ஊசிக்குக் கீறுபடுகிறதா என்று பார்க்கும் சோதனையை எபாக்சி கெடுக்கும் என்பதால் ஒரு சில்லை ஊட்டாமல் வைத்தோம்.

தேய்ப்பு கண்ணாடி மேல், 220, 400, 600, 1000 எண் சிலிக்கான் கார்பைடு பொடியில். எண் மாறும்போது கல், கை, கண்ணாடி எல்லாம் கழுவ வேண்டும். தங்கிவிட்ட ஒரு 220 துகள் போதும், கீறல் விழ. 1000க்கு மேல் போவது வீண்: குவார்ட்ஸ் கடினம் 7, அபிரகம் 2½. குவார்ட்ஸ் மேடாக நிற்க, அபிரகம் பள்ளமாகிவிடும்.

ஃபெல்ட்ஸ்பாரை அடையாளம் காணச் சாயமேற்ற ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேண்டும். அதை வீட்டில் தொடவே கூடாது. பதிலாக, நனைத்து ஸ்கேன் செய்து, நரம்புக்கு இணையாக 5 மி.மீ. பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு 100 புள்ளி எண்ணுகிறோம். ஃபெல்ட்ஸ்பார் 30 விழுக்காடு என்று வந்தால் கூடக்குறைய 5 பிழை உண்டு. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை நம்பக்கூடாது.

கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் கரை, மாற்றத்தின் எல்லை அல்ல. அதைத் தாண்டியும் பிளேஜியோகிளேஸ் (சோடியம், கால்சியம் கொண்ட ஃபெல்ட்ஸ்பார்) மங்கி, ஊசிக்குக் கீறுபடுகிறது. பக்கத்திலேயே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் ஊசிக்கு மசியாமல் நிற்கிறது. முதலில் பலியாவது பிளேஜியோகிளேஸ். ஆனால் பின்னாளில் வந்த, ஃபெல்ட்ஸ்பாரைக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணாக்கும் மாற்றமும் இதே மென்மையைத் தரும். 10 மடங்கு லென்ஸில் மினுங்கும் செதில் தெரிந்தால் அபிரகம்; மினுக்கமின்றி நீர்த்துளியை உறிஞ்சினால் பெரும்பாலும் கயோலின். ஊட்டாத சில்லில் இந்தச் சோதனை பாதி முடிந்திருக்கிறது.