‘கொட்டகை’ அட்டை: நான்கு சோதனை அச்சுகள், ஒவ்வொன்றிலும் திருத்தியவை

கணினித் திரையில் முழுப்பக்கமாக விரித்து வைத்தால் எந்த சினிமாப் பத்திரிகை அட்டையும் அழகாகத்தான் தெரியும். பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டு, மற்ற இதழ்களோடு நெருக்கித் தொங்கவிடும்போதுதான் அதன் பலம் தெரியவரும். பக்கத்து இதழ் ஒரு ஓரத்தை மறைக்கும், கீழ்க் கயிற்றில் தொங்குவது கால்பகுதியை மறைக்கும். வாங்குபவர் நிற்பது ஆறடி தள்ளி. அதனால் இந்தப் பயிற்சி அட்டைக்கு ஒரே அளவுகோல்: ஆறடி தூரத்தில், மேல் பத்து சென்டிமீட்டர் மட்டும் தெரிந்தாலும் பெயரும் கண்களும் பிடிபட வேண்டும். முதல் மூன்று முறையும் பிடிபடவில்லை, நான்காவதிலும் ஒரு திருத்தத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது.

‘கொட்டகை’ என்பது பயிற்சிக்கு வைத்துக்கொண்ட பெயர். சும்மா எடுத்ததல்ல, எழுத்தின் வடிவம் பார்த்து எடுத்தது. தமிழ் எழுத்து மூன்று மாடி ஏறி இறங்கும். ‘கி’ மேலே சுழிக்கும், ‘சு’ கீழே தொங்கும், மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வரும். பெயரில் ஒரே ஒரு உகரம் வந்தாலும் அந்தக் கீழ்க்கொக்கிக்கு இடம் விட்டு, மொத்தப் பெயரையும் சிறிதாக்க வேண்டியிருக்கும். 1966-இல் வந்த ‘பொம்மை’ என்ற பெயரைப் பாருங்கள்: கீழே எதுவும் தொங்காது, மேலே ஒரு புள்ளி மட்டும். 1942-இல் தொடங்கிய ‘பேசும் படம்’ பெயரில் ‘சு’ இருக்கிறது, இரண்டு சொல் வேறு. கையால் எழுதும் ஓவியர் அந்தக் கொக்கியைச் சுருக்கி அடக்கிவிடுவார், எழுத்துருவை அப்படியே தட்டினால் அது நடக்காது. ‘கொட்டகை’யில் கீழே தொங்குவது ஒன்றுமில்லை, மேலே ‘ட்’ புள்ளி ஒன்றுதான்.

அளவு ஏ4, அதாவது 210 × 297 மி.மீ. நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 216 × 303. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இது 2551 × 3579 பிக்சல். படத்துக்கு கிம்ப், எழுத்துக்கு இங்க்ஸ்கேப், கடைசியாக அச்சுக்கான பிடிஎஃப் எடுக்க ஸ்கிரைபஸ். மூன்றும் இலவசம். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் செய்பவர்கள் முதலில் எழுத்து அமைப்பில் இந்திய மொழிகளுக்கான தேர்வை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ‘கொ’ சிதறிவிடும். எழுத்துரு பலூ தம்பி, அதிலும் தடித்த வகை. அட்டைச் செய்திகளுக்கு கேட்டமரன்.

முகத்துக்கு நண்பர் ஒருவரின் படம், அவர் சம்மதத்தோடு. இணையத்தில் கிடைக்கும் நடிகர் படத்தை எடுத்து அச்சடிப்பது உரிமைச் சிக்கல். போதாததற்கு அவற்றில் பல 1000 பிக்சலைத் தாண்டாது, 300 டிபிஐயில் எட்டரை சென்டிமீட்டருக்கு மேல் விரித்தால் உடைந்துவிடும். படம் எடுத்தது ஜன்னல் ஓரம்: வெளிச்சம் பக்கவாட்டில் 45 பாகையில், மறுபக்கம் மூன்றடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. கைப்பேசியில் எடுப்பதானால் ஐந்தடி தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். கிட்டப்போய் எடுத்தால் மூக்கு பெருத்து காது சுருங்கும். கருவிழியில் ஜன்னலின் வெள்ளைப் பொட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு படத்திலும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பொட்டு இல்லாத கண், தூரத்தில் வெறும் குழியாகத் தெரியும்.

முதல் அச்சு

முகம் நட்டநடுவில், பெயர் பின்னால், தலை பெயரின் மேல் ஏறி நிற்கும்படி. பழக்கமான அமைப்புதான். பெயரை 190 மி.மீ. அகலத்துக்கு விரித்ததில் எழுத்துயரம் சுமார் 27 மி.மீ. வந்தது. அதில் கீழ்ப்பாதியைத் தலைமுடி மறைத்தது. மானிட்டரில் எடுப்பாக இருந்தது. அச்செடுத்துத் தொங்கவிட்டால் பெயரைப் படிக்கவே முடியவில்லை.

காரணம் எழுத்திலேயே இருக்கிறது. ‘ட’ என்பது ஒரு செங்குத்துக் கோடும் அதன் அடியில் ஒரு படுக்கைக் கோடும். அடிக்கோடு மறைந்தால் மிச்சம் ஒரு குச்சி. நடுவில் இருப்பது ‘ட்ட’, இரண்டுமே குச்சியாகிவிட்டன. ‘ப’வுக்கும் இதே கதி, அடியை மறைத்தால் இரண்டு குச்சி. ‘ம’, ‘ய’ போன்றவையும் அடித்தளத்தை நம்பி நிற்பவை. ஆங்கில எழுத்துகளை அவற்றின் மேல்பாதியை வைத்தே பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம். அதனால் அங்கே தலை கீழிருந்து ஏறினாலும் பெயர் பிழைக்கும். அந்த அட்டைகளைப் பார்த்து அப்படியே தமிழில் செய்தால் பெயர் போய்விடும். பல வருடம் ஓடிய இதழுக்கு இந்தக் கவலை குறைவு, வாசகருக்கு அந்தப் பெயரின் வண்ணமும் வளைவுமே போதும். புதுப் பெயருக்கு அந்தச் சலுகை கிடையாது.

‘ட்’டின் புள்ளிக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு முடிக்கற்றை அதன் மேல் விழுந்தால் பெயர் ‘கொடடகை’ ஆகிவிடும்.

திருத்தம்: முகத்தை வலப்பக்கம் நகர்த்தி, உச்சந்தலை கடைசி ‘க’வுக்கு அடியில் வரும்படி வைத்தது. ‘க’வின் அடையாளம் மேல்பாதியிலும் நடுச்சுழியிலும் இருப்பதால் அடியில் கால்பங்கு மறைந்தாலும் தாங்கும். மறைவை 7 மி.மீ.க்கு மேல் விடவில்லை. முடி ஓரத்தைக் கத்தரித்தது போல வெட்டாமல், மாஸ்க்கில் (படத்தில் வேண்டாத பகுதியை மறைக்கும் தளத்தில்) ஓரத்தை 1.5 பிக்சல் மட்டும் மங்கலாக்கி, பிரிந்து நிற்கும் முடிகளை 3 பிக்சல் தூரிகையால் திரும்ப வரைய வேண்டும். ஒரு மணி நேர வேலை, ஆனால் இதில் சோம்பல் பட்டால் ஒட்டுப்படம் என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு பாடம், படம் எடுக்கும்போதே தலைக்கு மேல் நிறைய வெற்றிடம் விட வேண்டும். முதலில் எடுத்ததில் உச்சந்தலை சட்டத்தில் இடித்து நின்றது. பெயருக்கு இடமே இல்லாமல் இன்னொரு முறை எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் அச்சு

பெயரை இப்போது படிக்க முடிந்தது. வண்ணம் செத்துவிட்டது. திரையில் மின்னிய ஊதா, காகிதத்தில் வெளுத்த கத்தரிப்பூ நிறமாக வந்தது. அச்சின் நான்கு மையால் (சி சியான், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கருப்பு) தொட முடியாத நிறங்களில் பளீர் ஊதா முக்கியமானது. பளீர் ஆரஞ்சும் கிளிப்பச்சையும் அப்படியே. ஸ்கிரைபஸில் வண்ண முன்னோட்டத்தை இயக்கிவிட்டால் இந்த வெளுப்பு அச்சுக்கு முன்பே தெரியும்.

பழைய சினிமா இதழ்களில் சிவப்பும் மஞ்சளும் அத்தனை அட்டையில் வருவதைக் கண்ணைக் கவரும் நிறம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அச்சுக்காரர்களின் காரணம் ஒன்றும் இருக்கிறது. மஞ்சள் ஒரே மை, 100 சதவீதம். சிவப்பு இரண்டே மை, எம் 100, ஒய் 100. மை முழுதாக விழுவதால் அச்சுப் புள்ளியே கிடையாது, எழுத்தின் ஓரம் கத்தி போல நிற்கும். அதே எழுத்தை சி 40, எம் 70, ஒய் 20 என்று கலவை நிறத்தில் வைத்தால் மூன்று மையின் புள்ளிகள் ஓரத்தில் பொரிந்து நிற்கும். ரிஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், கொஞ்சம் விலகினாலும் மூன்று நிழல் தெரியும்.

இதை ஆஃப்செட் அச்சகத்துக்குப் போகாமலே பார்க்கலாம். கிம்ப்பில் படத்தை நான்கு மைத் தளங்களாகப் பிரித்து, மெஜந்தா தளத்தை மட்டும் மூன்று பிக்சல் நகர்த்திச் சேருங்கள். அது கால் மில்லிமீட்டர் விலகல். வெள்ளையாக விட்டிருந்த 8 பாயிண்ட் எழுத்துகள் இந்தச் சோதனையில் அடைந்துபோயின. படத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால் 12 பாயிண்டுக்குக் கீழே வேண்டாம், தடித்த வகையாகவும் இருக்கட்டும்.

பெயர் சிவப்புக்கு மாறியது. பின்னணி மஞ்சள், ஆனால் முழு மஞ்சளல்ல, ஒய் 85, எம் 8. கருப்புக்கு கே 100 மட்டும் வைத்த பெரிய பட்டை சாம்பலாகத் தெரிந்ததால் சி 60, எம் 40, ஒய் 40, கே 100 என்று மாற்றியது. கூட்டினால் 240, ஆர்ட் பேப்பர் தாராளமாகத் தாங்கும். சிறிய எழுத்துக்கு இந்தக் கலவைக் கருப்பு ஆகாது, அங்கே கே 100 மட்டும்.

தோல் நிறத்தில்தான் அதிக நேரம் போனது. நம் ஊர் மாநிறத்துக்கு மஞ்சள், மெஜந்தாவைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். கன்னத்தில் அளந்து சரிசெய்த இடம்: சி 20, எம் 48, ஒய் 58, கே 4. மெஜந்தா மிஞ்சினால் வெயிலில் கன்றிய முகம், சியான் மிஞ்சினால் நோயாளி முகம். முகத்தை வெளுப்பாக்கிவிட்டால் தூரத்தில் எடுப்பாகத் தெரியும் என்ற எண்ணம் தவறு. மஞ்சள் பின்னணியில் வெளுத்த முகம் கரைந்துபோகும், மாநிறம்தான் பிரிந்து நிற்கும். அட்டையில் முகத்தை வெளுக்கும் பழக்கத்தைக் கைவிட இதுவே போதுமான காரணம்.

வண்ணத்தில் எதிர்த்திசையில் போன இதழும் உண்டு. பாரிஸில் 1951 ஏப்ரலில் தொடங்கிய ‘கையே து சினிமா’ மஞ்சள் அட்டையில் கருப்புவெள்ளைப் படக்காட்சி ஒன்றை மட்டும் வைத்தது. அட்டைச் செய்திகளை இறைக்கவில்லை. தூரத்திலேயே அந்த மஞ்சள்தான் பெயர். பம்பாயில் 1935-இல் பாபுராவ் படேல் தொடங்கிய ‘ஃபிலிம் இந்தியா’வுக்கு எஸ்.எம். பண்டிட் வரைந்த அட்டைகளில் முகமே ஓவியம். ஒளியையும் நிறத்தையும் அச்சுக்கு ஏற்றபடி ஓவியரே முடிவு செய்யலாம் என்பது அதிலுள்ள பெரிய வசதி.

மூன்றாம் அச்சு

அட்டைச் செய்திகள். முதலில் ஒன்பது வைத்திருந்தது, எதையும் படிக்கத் தோன்றவில்லை. நான்காகக் குறைத்தது: முதன்மைச் செய்தி 44 பாயிண்ட், இரண்டு 24 பாயிண்ட், ஒன்று 16. அளவுகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காவது வேறுபட்டால்தான் கண் எதை முதலில் படிப்பது என்று தடுமாறாது. நான்கும் இடப்பக்கம், மேலிருந்து கீழாக. அலமாரியில் விசிறி போல அடுக்கும்போது இடது ஓரம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வெளியே தெரியும். முகம் வலப்பக்கம் போனது இங்கேயும் உதவியது.

தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் வரியைப் பொருள் பார்த்து உடைக்க வேண்டும். ‘ஒளிப்பதிவாளர் பேசுகிறார்’ என்பதை இரண்டு வரியாக்கினால் நன்று, ‘ஒளிப்பதி / வாளர்’ என்று வெட்டினால் கேவலம். வரி இடைவெளி எழுத்தளவில் 1.3 மடங்கு. ஆங்கிலத்துக்குப் போடுவது போல 1.1 வைத்ததில் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘ரீ’யின் சுழியும் முட்டிக்கொண்டன.

எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை போட்ட இடத்தில் இரண்டு கோளாறு. ஒன்று, கரை எழுத்தின் உள்ளேயும் பாதி இறங்கியதால் ‘ண’, ‘ஞ’ இவற்றின் கண்கள் அடைந்தன. இங்க்ஸ்கேப்பில் கரையை நிரப்பலுக்குப் பின்னால் போகும்படி வரிசையை மாற்றினால் சரியாகும். இரண்டு, எடையை மாற்றிக்கொள்ளும் வகை எழுத்துருக்களில் ஒரே எழுத்து பல துண்டுகளின் மேற்படிவாக இருக்கும். கரை போட்டதும் உள்ளே குறுக்குக் கோடுகள் முளைத்துவிடும். எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, துண்டுகளை ஒன்றாக இணைத்துவிட்டுக் கரை போட வேண்டும்.

சேலையின் பூவேலைப்பாட்டின் மேல் விழுந்த 24 பாயிண்ட் வரி தொலைந்தே போனது. நிழல் கொடுத்து மீட்கப் பார்ப்பதைவிட வரியை 20 மி.மீ. மேலே தூக்குவது சுத்தமான வழி.

நான்காம் அச்சு

கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கும்முன் எல்லா எழுத்தையும் பாதையாக மாற்றிவிடுங்கள். ‘கர்வ் பண்ணிட்டீங்களா?’ என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இல்லாமல் கொடுத்தால் அவர்கள் கணினியில் திறந்ததும் தமிழ் சிதறும். திருத்துவதற்காக, மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் அளவில் ஒரு கணக்குப் பிழை நேர்ந்தது. 12 × 18 அங்குலத் தாளில் இரண்டு அட்டை வரும் என்று எண்ணி அனுப்பியது. அகலத்துக்கு 432 மி.மீ. தேவை, 457 இருக்கிறது. உயரத்துக்கு 303 தேவை, இருப்பது 305. எந்திரம் ஓரத்தில் சில மில்லிமீட்டரை அச்சடிக்காமல் விடுவதால் ப்ளீட் பறிபோய், வெட்டிய பின் மேலும் கீழும் வெள்ளைக் கீற்று தெரிந்தது. 13 × 19 தாள் கேட்டு வாங்க வேண்டும்.

கீழ் இடது மூலையில் பார்கோடுக்கு 40 × 28 மி.மீ. வெள்ளைப் பெட்டி. அதில் கோடுகள் கருப்பாகவே இருக்கட்டும். அட்டையோடு பொருந்தட்டும் என்று சிவப்பில் போட்டால், ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் கோடும் வெள்ளையும் ஒன்றாகிவிடும்.

170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் எடுத்த இந்த நான்காவது அட்டையை, மூன்று பழைய இதழ்களுக்கு நடுவே கயிற்றில் கிளிப் போட்டு, கீழ்ப்பகுதியை மறைத்துப் பார்த்தது. உச்சந்தலைக்குக் கீழே நெற்றியின் உயரம் சேர்ந்ததால் கண்கள் மேல்விளிம்பிலிருந்து 112 மி.மீ.யில் இருந்தன, அதாவது பத்து சென்டிமீட்டர் எல்லைக்கு 12 மி.மீ. கீழே. முகத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, பெயரை மேல்விளிம்பிலிருந்து 14-க்குப் பதிலாக 9 மி.மீ.யில் வைத்ததும் கண்கள் 98-க்கு வந்தன. ஆறடியில் பெயர், கண், முதன்மைச் செய்தி மூன்றும் பிடிபடுகின்றன. பன்னிரண்டு அடியில் பெயரும் கண்ணும் மட்டும். பளபளப்பு லேமினேஷன் போட்ட பிரதியில் குழல்விளக்கின் வெள்ளைக் கோடு சரியாக நெற்றியில் விழுந்து கண்ணை மங்கச் செய்தது, பளபளப்பில்லாத மேட் போட்டதில் அந்தக் கோடு இல்லை. ஆனால் மேட்டில் நிறங்கள் ஒரு படி மங்கும், அதற்கு ஈடாக முகத்தில் கே மையை 4-இலிருந்து 2 ஆக்கி அடுத்த பிரதி எடுக்க வேண்டும்.