பத்தமடைப் பாயும் பத்தாவது தளமும்

நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு மகன் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னபோது எனக்கு வந்த முதல் கவலை ஏசியைப் பற்றியது. என் கணவர் 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு தூங்குகிறவர். நான் பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் படுத்து வளர்ந்தவள். சாயங்காலம் நாலு வாளித் தண்ணீர் தெளித்துத் தரைச் சூட்டைத் தணித்து, இருட்டியதும் பாய் விரித்தால் விடியும் வரை காற்றுதான். வீட்டில் அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை என்று சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கப்பலில் அது நடக்காது.

"பால்கனி உள்ள அறைதான் அம்மா. பிடிக்காவிட்டால் வெளியே உட்கார்ந்துகொள்" என்றான் மகன். உட்காரலாம் என்றால் படுக்கவும் செய்யலாம்தானே என்று அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அவன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வேலை செய்கிறான். அவனுக்காக ஊரிலிருந்து ஒரு பத்தமடைப் பாய் கொண்டு போயிருந்தேன். கல்யாணத்துக்கு வாங்குகிற பட்டுப் பாய் அல்ல, வீட்டில் விரிக்கிற சாதாரணக் கோரைப் பாய். "இதை விரிக்க இங்கே இடம் எங்கே இருக்கிறது?" என்று கட்டிலைக் காட்டினான். சரி, வேண்டாதவனுக்கு எதற்கு என்று சுருட்டிக் கப்பலுக்கு எடுத்துப் போனேன். துறைமுகப் பரிசோதனையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

மே மாதக் கடைசி. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். பத்தாவது தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், இடப்பக்கம் எங்கள் அறை. பக்கத்து அறை என் நாத்தனாருக்கும் அவள் மகளுக்கும். இடப்பக்கத்தை மகன்தான் யோசித்து எடுத்தான். மலாக்கா நீரிணையில் கப்பல்கள் சாலைபோல் போக ஒரு தடம், வர ஒரு தடம் வைத்திருக்கின்றன. நம் ஊருக்கு நேர்மாறாக அங்கே வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். அதனால் எதிரே வருகிறவை எல்லாம் நம் இடப்பக்கமாகவே கடந்து போகும். "ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதை எண்ணிக்கொண்டிரு" என்றான்.

பால்கனி நான் நினைத்ததைவிடச் சின்னது. ஐந்தடிக்குக் கொஞ்சம் அதிகமாக ஆழம், எட்டடி அகலம். இரண்டு அலுமினிய நாற்காலிகள், ஒரு குட்டி மேசை. முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதன் மேல் என் நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி. விழுந்துவிடுவோமோ என்ற பயம் அந்தக் கம்பியைப் பிடித்ததுமே போய்விட்டது. ஆனால் தலைக்கு மேலே பதினொன்றாவது தளத்தின் பால்கனி கூரையாக நிற்கிறது. மொட்டை மாடி என்று கற்பனை செய்து வந்தவளுக்கு ஒரு முழ அகலத்துக்குத்தான் வானம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் இந்தோனேசியர். வெளியே படுக்கலாமா என்று கேட்டேன். நான்தான் முதல் ஆள் இல்லை போலும், அவர் அசரவில்லை. மெத்தையை வெளியே இழுக்கக் கூடாது. எதையும் கம்பியில் தொங்கவிடக் கூடாது. விளக்கை அணைத்துவிட வேண்டும். எழுந்து உள்ளே வந்தால் விரித்ததையும் கூடவே கொண்டுவந்துவிட வேண்டும். பாயை அவிழ்த்துக் காட்டினேன். "திக்கார்!" என்று முகம் மலர்ந்துவிட்டார். அவர்கள் ஊரில் பாய்க்கு அதுதான் பெயராம். அதன் பிறகு அந்த அறையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

விரித்ததைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் காற்று மட்டும் இல்லை. 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் பிடித்த தீ பால்கனியில்தான் தொடங்கியது. அணையாத சிகரெட்டாக இருக்கலாம் என்றார்கள். பால்கனியின் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தடுப்புகளும் எரிந்து, தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பால்கனிக்கும் தீத்தடுப்பு விதிகள் வந்தன, 2008 ஜூலையில் நடைமுறைக்கும் வந்தன. இதை மகன் சொன்னபோது, கோரைப் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது கதவு. கப்பல் பால்கனிக் கதவை நம் வீட்டுக் கதவாக நினைக்கக் கூடாது. அது சரியாக மூடாவிட்டால் அறையின் ஏசி தானாக நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்ததுபோல் இருந்தது, ஆனால் பயன்படுத்தவில்லை. கதவைத் திறந்துபோட்டிருக்கும் நேரத்தில் யாராவது நடைபாதைப் பக்கக் கதவைத் திறந்தால், காற்று உறிஞ்சி இரண்டில் ஒன்றை அறைந்து சாத்தும். விரல் அகப்பட்டால் போயிற்று. ஆகவே நான் வெளியே, கதவு மூடியிருக்க வேண்டும். பூட்டு மட்டும் போடக் கூடாது. கணவரிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

"பால்கனியில் படுக்கப் போகிறாயா? கட்டிலுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறோம்?" என்றார். பூட்டைப் பற்றிக் கேட்டாரா இல்லையா என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

மாலை 5 மணிக்குக் கப்பல் கிளம்பியது. சிங்கப்பூரைச் சுற்றி நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. இரவுச் சாப்பாடு முடித்து, பத்தரை மணிக்குப் பாயை விரித்தேன்.

முதல் சிக்கல் திசை. கப்பல் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது, அதனால் காற்று முன்பக்கத்திலிருந்து ஓயாமல் வருகிறது. காலை முன்பக்கம் நீட்டினால் நைட்டி பாய்மரம் ஆகிவிடுகிறது. தலையை முன்பக்கம் வைத்தால் பக்கத்துத் தடுப்பு காற்றை மறைக்கிறது. ஆனால் கப்பல் போவது வடமேற்கே. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு. கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். வடமேற்கு வடக்கில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

பாயின் நான்கு மூலைகளும் படபடத்தன. இரண்டு மூலைகளில் நாற்காலிக் கால்கள், ஒன்றில் தண்ணீர்ப் பாட்டில், ஒன்றில் என் கால். காதில் பஞ்சு, அதன் மேல் கணவருடைய மப்ளர். கீழே தண்ணீர் அருவிபோல் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. குற்றால அருவிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினால் கேட்கும் சத்தம். கொசு ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மொட்டை மாடி தோற்றுவிடும்.

படுத்த நிலையில் கண்ணாடி வழியாகக் கடல் தெரிந்தது. எதிர்த் தடத்தில் கப்பல்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளை விளக்குகள், முன்னது தாழ்வாக, பின்னது உயரமாக. அவற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு. கப்பலின் இடப்பக்கத்து விளக்கு சிவப்பு, வலப்பக்கத்தது பச்சை. நான் அவற்றின் இடப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறேன் என்பதால் இரவெல்லாம் சிவப்புதான். ஆண்டுக்கு 80,000 கப்பல்களுக்கு மேல் இந்த வழியாகப் போகின்றன. முப்பத்தொன்றுவரை எண்ணியது நினைவிருக்கிறது. தெற்குப் பக்கம் கூரை ஓரத்துக்கும் கடலுக்கும் நடுவில் திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் சாய்ந்து கிடந்தது. எங்கள் ஊரிலும் அது தெரியும், ஆனால் இத்தனை உயரத்தில் இருக்காது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பு குளிர்ந்து விழிப்பு வந்தது. காற்றில் மழை வாசனை. மேற்கே மின்னல். சிவப்பு விளக்குகளைப் பார்த்தேன். தூரத்தில் இருந்தது காணாமல் போனது. அதற்கு இந்தப் பக்கம் இருந்ததும் போனது. யாரோ ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவதுபோல் ஒரு கறுப்பு எங்களை நோக்கி வந்தது. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் சுமத்ராவில் இருந்து கிளம்பி மலேசியக் கரைக்குப் போகும் காற்றுமழை அது. அதற்குப் பெயரே சுமத்ராதான். மேற்கே பார்த்த பால்கனியில் படுத்திருப்பவர்களுக்கு அது நேரே முகத்தில்தான் வரும்.

பாயைச் சுருட்டிக்கொண்டு கதவுப் பிடியைத் திருப்பினேன். திரும்பவில்லை.

மூன்று மணிக்குக் குளியலறைக்கு எழுந்தவர், நாற்பது வருடப் பழக்கத்தில் கதவைத் தொட்டுப் பார்த்துப் பூட்டிவிட்டுப் படுத்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டினேன், குத்தினேன், நாற்காலிக் காலால் இடித்தேன். தடித்த கண்ணாடி, உள்ளே ஏசி, அதற்கும் மேலே அவருடைய குறட்டை. அதற்குள் மழை படுக்கைவாட்டில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கூரையால் ஒரு பயனும் இல்லை. கடலும் வானமும் ஒரே வெள்ளையாக, ஒரு நிமிடத்தில் நான் தொப்பலாக. வடக்கே தலை வைத்ததன் பலன் என்று அம்மாவின் குரல் கேட்டது.

பக்கத்துப் பால்கனிக்கு நடுவே உள்ள தடுப்பில், கம்பிக்கு அருகே ஒரு கை நுழையும் இடைவெளி உண்டு. சுருட்டிய பாயை அதற்குள் விட்டு நாத்தனாரின் கண்ணாடிக் கதவைத் தட்டினேன். நல்ல நீளமான பாய். நாலைந்து தட்டில் விளக்கு எரிந்தது. கதவு ஓர் அங்குலம் திறந்தது.

"மதினி, அங்கே என்ன செய்கிறீர்கள்?"

அவள் எங்கள் அறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்றாவது முறை எடுத்தவர், "வெளியே யாரும் இல்லையே, அவள் குளியலறையில் இருக்கிறாள்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அவள் நடைபாதைக்கு ஓடி வந்து அறைக் கதவை இடித்த இடியில் எதிர் அறைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். நான் உள்ளே வந்தபோது மழை பாதி விட்டிருந்தது.

"கதவு திறந்து கிடந்தால் பூட்ட வேண்டாமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே ஏசியை 26-க்கு மாற்றினேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் பினாங்குத் தீவின் வடக்கு வாய் வழியாக உள்ளே திரும்பியபோது, பால்கனியில் ஈரப் பாயைக் கையில் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் கெடாவின் ஜெராய் மலை தெரிந்தது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கரையைத் தெரிந்துகொண்டார்களாம். அதன் அடிவாரம்தான் நம் கல்வெட்டுகளின் கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் படை வந்த கடல் இது. அந்தக் கப்பல்களில் வந்தவர்கள் எல்லாரும் திறந்தவெளியில் பாய்விரித்துத்தான் படுத்திருப்பார்கள் என்று நாத்தனாரிடம் சொன்னேன். "அவர்களை யாரும் பூட்டவில்லை மதினி" என்றாள்.

இரண்டாம் இரவு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பினாங்குக்கு வடக்கே போனதும் அந்தமான் கடலின் தென்மேற்குக் காற்று நேராக எங்கள் பக்கம். பாட்டில் உருண்டது, கப்பலும் லேசாக ஆடியது. உள்ளே வந்துவிட்டேன். புக்கெட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, வெயில்.

திரும்பும் பயணத்தில் எல்லாம் மாறியது. கப்பல் இப்போது தெற்கே, பிறகு தென்கிழக்கே போகிறது. எங்கள் இடப்பக்கம் கிழக்கைப் பார்க்கிறது. தென்மேற்குக் காற்றைக் கப்பலே மறைத்துக்கொள்கிறது. முன்பக்கம் தலை வைத்தால் தெற்கு, அம்மாவுக்கும் ஆட்சேபம் இல்லை. கதவின் உள்பிடியில் "தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் "வெளியே ஆள் இருக்கிறது, பூட்டாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன். மப்ளர் தேவைப்படவில்லை. மூன்றாம் இரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன். நாலாம் இரவு அதற்கும் மேல். நடுவில் ஒருமுறை கண் விழித்தபோது மலேசியக் கரையின் விளக்குகளும், அதற்கு இந்தப் பக்கம் எதிர்த் தடத்துக் கப்பல்களும் தெரிந்தன. அவற்றிலும் அதே சிவப்பு. இந்த முறை எண்ணவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நாற்காலிகளை எதிரெதிரே போட்டுப் படுக்கலாம் என்று யோசிக்காதீர்கள், இடுப்பு போய்விடும். தரைதான் சரி. தலையணை உறைக்கு மேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள், காலையில் உப்பு ஈரத்தில் எல்லாம் பிசுபிசுக்கும். தலைமுடியைச் சொல்லவே வேண்டாம்.

கடைசிக் காலையில் பாயைச் சுருட்டும்போது ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பணியாளர் விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். ஊருக்கு வந்து இரண்டு முறை நல்ல தண்ணீரில் துடைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் பரணிலிருந்து எடுத்தால், பாய் இன்னும் லேசாக வியர்க்கிறது.