ஹூரான் ஏரிக்கரையில் ஓர் இலந்தைச் சொந்தம்

டொராண்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிராண்ட் பெண்ட் என்ற ஊரைத் தாண்டியதும் பைனரி மாகாணப் பூங்கா. ஜூலை முதல் வாரம் என்பதால் வந்தவர்கள் எல்லோரும் குடையும் துண்டுமாக ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஓக் மரங்கள் பக்கம் திரும்பினேன். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, நடுவெல்லாம் புல். தென் ஒன்டாரியோவில் இப்படிப்பட்ட நிலம் மிகச் சொற்பமாகவே மிஞ்சியிருக்கிறது.

நான் தேடிப்போனது 'நியூ ஜெர்சி டீ' என்ற குறுஞ்செடியை. புல்வெளி ஓரங்களில் முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ வளரும். குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். 1773-இல் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய காலத்தை ஒட்டி, அமெரிக்கர்கள் தேயிலைக்குப் பதிலாக இதன் இலையைக் காயவைத்துக் குடித்தார்கள். பெயர் அப்படி வந்தது.

முதலில் கண்ணில் பட்ட வெள்ளைப்பூச் செடி வேறு; அதன் இலைகள் எதிரெதிராக இருந்தன. இன்னொன்றில் நரம்புகள் நடுநரம்பிலிருந்து சீப்புப் பல்லாகப் பிரிந்தன. அதுவும் இல்லை. மணல்மேட்டின் சரிவில் மூன்றாவதாக ஒரு புதர். குனிந்து இலையைப் பார்த்ததும் மனம் துள்ளியது. காம்பு சேரும் இடத்திலிருந்தே மூன்று நரம்புகள், நுனியை நோக்கி வளைந்து ஓடின. இராமநாதபுரத்துப் பொட்டலில் இலந்தைப் பழம் பொறுக்கிய பிள்ளைக்கு அந்த மூன்று வரியை மறக்க முடியுமா? முள் இல்லை, பழமும் இல்லை; ஆனாலும் இது இலந்தைக் குடும்பமேதான்.

இதற்கு நெருங்கிய உறவாக இன்னொரு செடி உண்டு. அதன் இலை ஒடுங்கியது, பூங்கொத்து இலைக்கிளையின் நுனியில் அமரும். இங்கே இலை அகலம். கொத்துகள் இலைக் கக்கத்திலிருந்து நீண்ட காம்பில் எழுந்து நின்றன. சந்தேகம் தீர்ந்தது. உருப்பெருக்கியில் ஒரு பூவைப் பார்த்தேன்: ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றும் மெல்லிய பிடி போட்ட குட்டி அகப்பை.

இந்தப் புதர் அழிந்தால் கூடவே ஒரு வண்ணத்துப்பூச்சியும் போய்விடும். மாட்டில்ட் டஸ்கிவிங் என்ற அந்தப் பழுப்புப் பூச்சியின் புழு ஒன்டாரியோவில் இந்தச் செடியையும் அந்த உறவுக்காரச் செடியையும் தவிர வேறெதையும் தின்னாது. பெருகிப்போன மான்கள் ஒரு காலத்தில் புதர்களை மொட்டையாக மேய்ந்துவிட்டன. பூச்சியும் இங்கிருந்து மறைந்தது. மான்களைக் கட்டுப்படுத்தி, அளவாகத் தீ வைத்துப் புல்வெளியைத் திறந்த பிறகு செடி தழைத்தது. தரைக்கு மேலே கருகினாலும் ஆழமான செவ்வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் வைராக்கியம் இதற்கு உண்டு. 2021-இல் பூச்சியையும் கொண்டுவந்து விட்டார்கள்.

கிளம்பும்போது ஓர் இலை மடிந்து, விளிம்புகள் வெள்ளை நூலால் தைத்ததுபோல் ஒட்டியிருந்ததைக் கண்டேன். உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. தொடாமல், என் நிழல்கூட அதன்மேல் விழாதபடி விலகி வந்தேன்.