கொழும்பு ஹோர்னும் டிக்கோயா ஹோர்னும்

போன சனிக்கிழமை காலை ஊருக்குப் போகிற வழியில், கினிகத்தேனை ஏற்றத்தில் எனக்கு முன்னால் போன ஒரு லொறிக்குப் பின்னால் நின்று நீளமாக ஹோர்ன் அடித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. லொறிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி 'போம்மா, போ' என்கிற மாதிரி ஆட்டினார். அவர் திட்டியிருந்தால் நானும் மனதுக்குள் திட்டிவிட்டுப் போயிருப்பேன். கடக்கும்போது பார்த்தால் என் அப்பா வயது. மூட்டை ஏற்றின லொறி, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது, அதற்கு மேல் அந்த மனுசன் என்ன செய்வார்? கொழும்பிலிருந்து நூறு கிலோமீட்டர் கிட்ட வந்தாச்சு, கை மட்டும் இன்னும் அந்த ஊர்க் காலி வீதி நெரிசலிலேயே இருக்கிறது.

மூன்று நாளாக அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து வருடமாகக் கொழும்பில் வேலை. ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவு, வெள்ளவத்தையில் ரூம். ஊர் மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். (தோட்டத்துப் பெயரை இங்கேயும் எழுதாமல் விட்டேன் பாருங்கள். பழக்கம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். அப்பா கொழுந்து லொறி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடம் அதே தோட்டத்து ரோட்டில், மலைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில், பெரும்பாலும் இரண்டாவது கியரில். ஹட்டன் டவுனைத் தாண்டி அவர் லொறி போனது குறைவு. ஆனால் வண்டி ஓட்டுவது பற்றி எனக்குத் தெரிந்ததில் உருப்படியானது எல்லாம் அவர் சொன்னதுதான். டிரைவிங் ஸ்கூலில் பரீட்சை பாஸ் பண்ணத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் தடவை காரை ஊருக்குக் கொண்டு போனபோது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹட்டன் வரைக்கும் போய் வந்தேன். இறக்கத்தில் நான் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குகிறேன், அவர் ஒன்றும் பேசவில்லை, ஒரு நாலு வளைவு தாண்டியதும் ஜன்னலைத் திறந்து மூக்கை உறிஞ்சினார். "வாசம் வருதா பாப்பா? அது உன் பிரேக்கு. எந்தக் கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கு. கால நம்பாத, கியர நம்பு." அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம். பனி மூடினால் பெரிய லைட்டைப் போடாதே, வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உன் கண்ணிலேயே அடிக்கும், சின்ன லைட்டில் ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போ. ஒவ்வொரு முடக்கு வளைவுக்கு முன்னாலும் ஒரு ஹோர்ன். சின்னதாக. "நான் வர்றேன்னு சொல்றதுதான். அந்தப் பக்கம் ஒருத்தன் வந்தா அவனும் அடிப்பான். அவ்வளவுதான் பேச்சு."

கொழும்பில் நான் கற்றுக்கொண்ட ஹோர்ன் வேறு மாதிரி. பம்பலப்பிட்டியில் சிக்னல் பச்சையாவதற்கு முன்னாலேயே பின்னால் உள்ள வேன்காரன் அடிப்பான். பச்சை விழுந்துவிட்டால் அவனுக்குப் பின்னால் உள்ள பஸ் அடிக்கும். 100ஆம் இலக்க பஸ்ஸும் 101ஆம் இலக்க பஸ்ஸும் ஒரே ஹோல்ட்டில் உள்ள ஒரே ஆளை ஏற்றப் போட்டி போடும்போது நடுவில் ஒரு ஆல்ட்டோ அகப்பட்டால் என்ன ஆகும் என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும். முதல் ஆறு மாதம் வீட்டுக்கு வந்து கை நடுங்கும், சோறு இறங்காது. அப்புறம் ஒரு நாள் மழை நேரம், கொள்ளுப்பிட்டியில் என் பக்கம் மூக்கை நுழைத்த ஆட்டோக்காரரைப் பார்த்து நான் அடித்த அடியும், கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் சொன்ன வார்த்தையும் எனக்கே புதிது. அவர் சிரித்துக்கொண்டு பின்வாங்கினார். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்த ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டது என்கிற மாதிரி.

அப்பாவை ஒரு தடவை கண் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது வெள்ளவத்தையிலிருந்து காரில் கொண்டு போனேன். பயப்படுவார் என்று நினைத்தேன். மனுசன் கியர் பிடியையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார்: "அம்பத்தி மூனு தடவ மாத்திட்ட. நான் ஒரு நாள் பூரா ஓட்டுனாலும் அவ்வளவு வராது. கிளச்சு பாவம்." கண் டொக்டரிடமும் அதைத்தான் முதலில் சொன்னார்.

கொழும்பைத் திட்டுவது சுலபம். எனக்கும் பட்டியல் உண்டு. ரூமில் மின்விசிறி வெந்நீரைக் கலக்குகிற மாதிரி சூட்டைத்தான் கலக்கும். கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்துவதால் உப்புக் காற்று கதவு ஓரமெல்லாம் துருவாக்கிவிட்டது, அந்தத் துருவுக்கு மேல் ஊரில் அப்பிய செம்மண், வண்டி கழுவுகிற தம்பி இதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுகிறான். பார்க்கிங் இடத்துக்கு மாதம் நான் கொடுக்கிற காசில் ஊரில் ஒரு குடும்பம் மாதம் முழுக்க மாவும் அரிசியும் வாங்கிவிடும். எல்லாம் சரி.

ஆனால் கொழும்பில் யாரும் என்னிடம் "எந்த லயம்?" என்று கேட்பதில்லை.

லயம் என்றால் தோட்டத்தில் வரிசையாகக் கட்டின தொழிலாளர் வீடுகள். இதை ஊரில் பிறக்காதவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். தோட்டத்தில் நான் டிரைவர் மகள், மேல் லயத்துப் பிள்ளை, இன்னாருடைய பேத்தி. ஆபீசில் நான் என் மேசையில் இருக்கிற ஆள், மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். வந்த புதிதில் ஊர் எது என்றால் "ஹட்டன்" என்பேன், இன்னும் கொஞ்சம் பயமிருந்தால் "நுவரெலியா". நுவரெலியா என்றால் குதிரையும் ஸ்ட்ரோபெரியும் ஞாபகம் வந்து பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், தப்பித்தேன். வெள்ளவத்தைக் கடையில் "என்ன விலை அண்ணே" என்றதும் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் மலையக ஆட்கள் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023இல் ஹட்டனில், தலவாக்கலையில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தெல்லாம் நினைவுகூர்ந்தோம், இன்னும் கேட்கிறார்கள். கொஞ்ச நாள் நானும் யாழ்ப்பாணத்தார் மாதிரி "வாங்கோ, இருங்கோ" என்று பேசிப் பார்த்தேன். சரிப்படவில்லை. அம்மா போனில் கேட்டுவிட்டு யாரோ பக்கத்தில் பேசுவதாக நினைத்தார்.

கார் வாங்கியது 2023இல். இறக்குமதியை 2020இல் நிறுத்தியிருந்தார்கள், 2025 வரைக்கும் புது வண்டி வரவில்லை, அதனால் எட்டு வருடம் ஓடின ஆல்ட்டோவை அது புதிதாக வந்த விலையைவிடக் கூடக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. லீசிங் போட ஒரு இடத்துக்குப் போனேன். நிரந்தர முகவரி கேட்டார்கள். லயத்தில் எங்கள் வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி பேனாவைப் பிடித்துக்கொண்டு "வீட்டு நம்பர் மிஸ்? வீதிப் பெயர்?" என்று மூன்று தடவை கேட்டான். அவன் மேல் பிழையில்லை, அவன் போர்மில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததுக்குப் போக முடியாது. கடைசியில் வெள்ளவத்தை ரூம் முகவரியை எழுதி, வீட்டுக்கார அம்மாவிடம் கெஞ்சிக் கரண்ட் பில் வாங்கிக் கொடுத்தேன். என்னை மனுசியாகக் கணக்கில் எடுத்தது நான் வாடகைக்கு இருக்கிற முகவரிதான்.

காருக்குக் காரணம் கேட்டபோது, மாதக் கடைசியில் வேலை முடிய இரவு பத்தாகும், தனியாக வர வேண்டும் என்று எழுதினேன். அது உண்மை. இன்னொரு காரணத்தை எழுதவில்லை. லயத்து வாசலில் ஒரு கார் வந்து நிற்க வேண்டும், அதிலிருந்து நான் இறங்க வேண்டும், அம்மா அதைப் பார்க்க வேண்டும், அதை மற்றவர்களும் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். பிள்ளைகள் "அக்கா ஒரு ரவுண்டு" என்று தொங்கினார்கள், அப்பாயி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தார். எல்லாம் நான் நினைத்த மாதிரியே நடந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது, கணக்குக்காரி புத்தி சும்மா இருக்குமா, போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு 25 பேர் விழுந்தால், அதாவது 25 நாள் வேலை பதிந்தால், 33,750. என் மாதத் தவணை 38,500. அம்மா ஒரு மாதம் முழுக்க, மழையிலும் அட்டைக் கடியிலும் ஏறி இறங்கிப் பறித்தாலும் அன்றைய கணக்கில் இந்த நாலு சக்கரத்துக்குப் போதாது. பெற்றோல் தனி. இதை வீட்டில் சொல்லவில்லை. அம்மா எத்தனை என்று கேட்டார், நான் பாதியைச் சொன்னேன், அதற்கே "அடியாத்தே" என்றார்.

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது அந்தக் காரால் ஒரு பிரயோசனமும் இல்லை. மலையகம் முழுக்க மண் சரிந்து பாதைகள் மூடிக் கிடக்க, களனி ஆறு பெருகிக் கரையோர ஊர்களெல்லாம் தண்ணீரில், நான் வெள்ளவத்தையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுப் போன் நம்பர் எதுவும் எடுபடவில்லை. இரண்டாம் நாள் இரவு எப்படியோ ஒரு கோல் வந்தது. அப்பா. "லயத்துக்கு ஒன்னும் ஆகல. மேல் ரோட்டுல மண்ணு எறங்கிருக்கு. வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடாத." லைன் அறுந்துவிட்டது. நாங்கள் தப்பித்தோம், எத்தனையோ குடும்பங்கள் தப்பவில்லை. அந்த இரவுக்குப் பிறகு கொழும்பில் ஏசி ஆபீசில் உட்கார்ந்து மழையைப் பார்த்தால் அழகு என்று சொல்ல வாய் வருவதில்லை.

அப்போ ஊருக்கே வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். கேட்கிறார்கள். வந்தால் எனக்கு இந்தச் சம்பளத்துக்கு வேலை எங்கே இருக்கிறது என்பது ஒரு பதில், எல்லோரும் ஒத்துக்கொள்கிற பதில். ஒத்துக்கொள்ளாத பதில், நாலாவது நாள் எனக்கே பொறுக்காது. முதல் நாள் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும், இரண்டாம் நாள் ரொட்டியும் கட்டச் சம்பலும், மூன்றாம் நாள் தூக்கம். நாலாம் நாள் ஆறு மணிக்கே இருட்டி, ஊர் அடங்கி, யார் வீட்டு நாயோ குலைக்க, எனக்கு மரைன் டிரைவில் ரயில் போகிற சத்தமும் கொத்துத் தட்டுகிற சத்தமும் வேண்டும் போலிருக்கும். "எப்பப்பா கல்யாணம்" என்று கேட்க வருகிற மாமிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ஆனதும் நான்தான் முதலில் பையைக் கட்டுகிறேன். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி வாழைக்காயும் பீட்ரூட்டும் டிக்கியில் அடுக்குவார்.

சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிறு மதியம்கூடத் தாமதம்தான். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு வருகிற வேன்கள் நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரைக்கும் வரிசை கட்டும், சமவெளியில் ஓட்டிப் பழகினவர்கள் இறக்கத்தில் பிரேக்கில் நின்றபடியே இறங்குவார்கள், முடக்குக்கு முடக்கு அந்த வாசம் வரும். எனக்கு இப்போது அது தெரிகிறது என்பதில் ஒரு கர்வம். போன வாரம் அப்படி ஒரு வேன்காரரை நிறுத்திச் சொல்லவும் செய்தேன். யாரோ ஒரு பொம்பளை என்று பார்த்தார். சரி, போகட்டும்.

எங்கள் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க ஏழு முடக்கு. நான் புறப்பட்டதும் அப்பா வாசலில் உள்ள கல்லில் போய் நிற்பார். கார் தேயிலைக்குள் மறைந்துவிடும், தெரியாது, ஆனால் ஒவ்வொரு முடக்கிலும் நான் அடிக்கிற ஹோர்ன் மேலே கேட்கும். எண்ணிக்கொண்டு நிற்பார். ஏழாவது கேட்டதும் உள்ளே போய்த் தேத்தண்ணி கேட்பாராம். அம்மா சொன்னதுதான் இது, அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

இந்த ஞாயிறு கடைசி முடக்கில் கொழுந்து நிறுக்க வந்த அக்காமார் சாக்கோடு ஓரத்தில் நின்றார்கள். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள், அடிக்கத் தேவையில்லை, அதுவும் லொறிக்காரரை நினைத்துக் கை ஹோர்ன் பக்கமே போகவில்லை. தலையை ஆட்டிவிட்டு மெதுவாக இறங்கிப் பெரிய ரோட்டில் திரும்பினேன். போன் அடித்தது. ஓரம் கட்டி எடுத்தேன்.

"பாப்பா, ஆறுதானே கேட்டுச்சு?"