சேறு எங்கே?

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு நிலநடுக்க வேலை செய்கிறேன் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "திரும்பவும் சுனாமி வருமா தம்பி?" 2004 மார்கழி 26-ஐக் கண்ட ஊர், வேறென்ன கேட்கும்? அது சுமாத்திராவை அண்டி, கடலுக்கடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நுழையும் இடத்தில் நடந்தது. என் வேலையோ தரையில், ஊர்களுக்கு நடுவே ஓடும் பிளவுகளோடு. கலிபோர்னியாவின் ஹேவர்ட் பிளவு அப்படிப்பட்டது. கடைசியாக 1868-இல் பெரிதாக உடைந்தது. இன்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கே அதன் மேல்தான் நிற்கிறது.

அது திரும்ப உடைந்தால் எந்த இடம் எவ்வளவு ஆடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு, உடைவு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். நம்மை நோக்கி ஓடி வந்தால் ஆட்டம் பலம், விலகி ஓடினால் குறைவு. நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அலை எவ்வளவு வேகமாகப் போகும் என்றும் கொடுக்க வேண்டும். சிமுலேஷன் ஓடுவது வெளிநாட்டுச் சுப்பர் கணினியில். இங்கே கரண்ட் போனால் அது நிற்காது, எனக்குத்தான் வியர்க்கும்.

சிக்கல் செலவில். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்காகும். நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டும், ஆக வேலை 16 மடங்கு. மெத்தென்ற மண்ணில் அலை மெதுவாகப் போகும், அலைநீளம் குறுகும், அதைப் பிடிக்கச் சின்னக் கட்டம் வேண்டும். அதற்கொரு குறுக்கு வழி உண்டு: எஸ் அலையின் (நிலத்தைப் பக்கவாட்டில் உலுக்கும் அலை) வேகம் விநாடிக்கு 500 மீற்றருக்குக் குறைந்த இடத்திலெல்லாம் 500 என்றே வைத்துவிடுவது. வெள்ளோட்டத்துக்கு அப்படி வைத்தேன். அப்புறம் மாற்ற மறந்துபோனேன்.

ஆட்டத்தைக் காட்டும் படம் என்னவோ அழகாகத்தான் வந்தது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "குடாக்கரைச் சேறு எங்கே?"

1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின் மையம், ஹேவர்ட் பிளவு ஓடும் சான் பிரான்சிஸ்கோ குடாக்கரை நகரான ஓக்லண்டிலிருந்து 90 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்தது. ஆனாலும் அங்கே இரண்டு தட்டு நெடுஞ்சாலைப் பாலமொன்று சேற்றின் மேல் நின்ற நீளத்துக்கு இடிந்து விழுந்து 42 பேர் இறந்தார்கள். கெட்டியான மண்ணில் நின்ற பகுதி விழவில்லை. அந்தச் சேற்றைத்தான் நான் ஒரு எண்ணைப் போட்டு இறுக்கிவிட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. யாரும் திட்டவில்லை, அது இன்னும் மோசம்.

அந்தக் கிழமைதான் எங்கள் வளவில் கிணறு வெட்டினார்கள். வெட்ட வந்த பெரியவர் மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்து வளவுல எட்டடியில களி வந்திச்சு மனே. இங்க பன்னெண்டு அடி போயும் மணல்தான்." இரண்டு கிணற்றுக்கும் இடையே முப்பதடி இராது. என் கணக்கில் ஒரு கட்டமே 25 மீற்றர். இரண்டு வளவுக்கும் சேர்த்து ஒரே எண்தான் கிடைக்கும்.

500-ஐ 250 ஆக்கி, கட்டத்தையும் பாதியாக்கி அனுப்பினேன். வரிசையில் நான்கு நாள் கிடந்தது. வந்த படத்தில் மலைப்பக்கம் ஏறக்குறைய முன்னைப் போலவே. கரையோரத்தில் மட்டும் ஆட்டம் கூடியிருந்தது, அடங்கவும் நேரம் எடுத்தது. 250-க்கும் கீழான சேறு அங்கே இருக்கிறது என்று குறிப்பெழுதி, பழைய படத்தையும் சேர்த்தே மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன்.